முற்றத்துத் தண்ணீர் போகும் வழி

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியதே, அந்த மழையில்தான் எனக்கு முதல் போன் வந்தது. சீர்காழிக்கும் மயிலாடுதுறைக்கும் இருபது கிலோமீட்டர்தான். கூறைநாட்டில் எங்கள் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் பெண் ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டாள். "டீச்சர், முற்றத்துத் தண்ணி கூடத்துக்குள்ள ஏறிடுச்சு. மூலையிலயும் ஒழுகுது. அத்தையைக் கட்டிலோட தூக்கி ரேழியில போட்டிருக்கோம். நீங்க பதறாதீங்க, சொல்லணும்னு தோணுச்சு, அதான்" என்றாள்.

நான் திருச்சியில் இருந்தேன். ஓட்டுச் சரிவுகள் சேரும் கூடல்வாயில் இலை அடைத்திருக்கும், விடிந்ததும் ஆள் அனுப்புகிறேன் என்று சொன்னேன். ஒரு வாரம் கழித்து ஒரு பையன் ஏறி, ஓட்டு மூலையில் சிமெண்டைப் பூசி, அதன் மேல் ஒழுகலை அடைக்கும் ஏதோ ஒரு மருந்தையும் தடவிவிட்டுப் போனான். 1,800 ரூபாய். வாட்ஸ்அப்பில் படம் வந்தது. படத்தில் எல்லாம் வெள்ளையாகச் சுத்தமாகத் தெரிந்தது. நானும் வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் மறுபடி ஒழுகியது. அதே மூலை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவள் குறை சொல்லவில்லை. "டீச்சர், மழை பெய்யறப்ப ஒரு தடவை வந்து இருந்து பாருங்களேன்" என்றாள். போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் பிறந்து வளர்ந்த வீடு. ஆனால் மழை பெய்யும்போது அந்த வீட்டில் படுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வீட்டு மழை இப்போது எப்படி இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாத்தா கட்டியது. தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளின் அமைப்புதான்: திண்ணை, ரேழி என்கிற வாசல் நடை, கூடம், நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் கிணறும் கொல்லையும். மேலே சீமை ஓடு. 1994-இல் அப்பா சமையல்கட்டை மட்டும் இடித்துக் கான்கிரீட் தளம் போட்டார். 2016-இல் அப்பா போனதும் வீடு என் பெயருக்கு வந்தது. 2020-லிருந்து இந்தக் குடும்பம் இருக்கிறது. அவள் கூடத்தில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். அவள் கணவர் வேன் ஓட்டுகிறார். மாமியாருக்கு எண்பது நெருங்குகிறது. வாடகை 6,500 ரூபாய்.

2023 ஐப்பசி கடைசி வாரம் ரயிலேறினேன். ஊரில் கடைமுகத்துக்கு, அதாவது ஐப்பசிக் கடைசி நாள் காவிரியில் முழுகுவதற்கு, கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. நான் முழுகும் இடமான துலாக் கட்டம் பக்கம் போகவே இல்லை. நேராக வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் முற்றத்தை ஒட்டி நாலு மரத்தூண் உண்டு. அதில் வடகிழக்குத் தூணின் அடியில் நீலத்திலும் வெள்ளையிலும் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. ஏதோ குழந்தை கிறுக்கியிருக்கிறது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். தையல்காரர்கள் துணியில் குறி போடுவார்களே, அந்த முக்கோணச் சாக்பீஸால் போட்ட கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் தேதி, மணி. "நவ. 11 ராத்திரி 11", "நவ. 12 விடிகாலை 4." அவற்றோடு இந்த வருஷத்துக் கோடுகள் மூன்று. தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று ஒவ்வொரு தடவையும் குறித்து, இஞ்ச் டேப்பால் அளந்தும் வைத்திருக்கிறாள். தரையிலும் அப்படித்தான். சொட்டு விழும் இடத்தில் ஒரு வட்டம். மழை வலுத்தால் சொட்டு எங்கே நகர்கிறது என்பதற்கு அம்புக்குறி. "ஆளு வந்தா காட்டலாம்னுதான் போட்டு வச்சேன் டீச்சர். அந்தத் தம்பி கீழ பாக்கவே இல்ல, நேரா ஏணி போட்டு மேல ஏறிட்டாரு" என்றாள்.

அந்த அம்புக்குறியைப் பார்த்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. மழையில் விழித்திருந்து, கிழவியைக் கட்டிலோடு நகர்த்தி, துணி மூட்டையைத் தூக்கி வைத்து, அதற்கு நடுவில் உட்கார்ந்து குறித்திருக்கிறாள். ஒரு வருஷமாக அந்தக் குறிப்பைப் பார்க்க வேண்டியவள் நான்தான்.

எங்கள் அப்பாவிடம் வேலை பார்த்த மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. அவரால் இப்போது ஓட்டின் மேல் ஏற முடியாது. ஆனாலும் சொல்லி அனுப்பியதும் குடையோடு வந்துவிட்டார். இன்னும் என்னைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார். அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பிடித்த மழை ஒன்பதரை வரை விடவில்லை. நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் டார்ச் அடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றோம்.

மேஸ்திரி முதலில் ஒன்று சொன்னார். "சொட்டு விழற எடத்துக்கு நேர் மேல ஓட்டை இருக்காது பாப்பா. தண்ணி கைமரத்துல நடந்து வரும்." டார்ச்சை அவர் சொன்ன கைமரத்தில், ஓட்டைத் தாங்கும் சாய்வு மரத்தில், அடித்தேன். மரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு ஈரக்கோடு மினுமினுவென்று மேலே போனது. ஆறடி, ஏழடி தள்ளி மூலைக் கைமரத்தில் போய் முடிந்தது. நேர் மேலே கூடல்வாய். போன வருஷம் சிமெண்டு பூசிய இடம் சொட்டுக்கு நேர் மேலே. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

கூடல்வாய் என்ன என்று இப்போது பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். முற்றம் வைத்த வீட்டில் நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் உள்நோக்கி இறங்கும். இரண்டு சரிவு சேரும் மூலையில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் தகரம் மடித்துப் போட்டிருப்பார்கள். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் அதில் சேர்ந்து ஓடி முற்றத்து மூலையில் விழும். சின்ன வயதில் மழை வந்தால் அந்த நாலு மூலையிலும் அண்டா, குடம், தவலை என்று வைப்போம். வீட்டிலேயே அதிகத் தண்ணீர் ஓடுகிற இடம் அதுதான். ஒழுகினால் முதலில் ஒழுகுவதும் அங்கேதான்.

மறுநாள் மழை விட்டதும் மேஸ்திரியின் மகன் ஏறி, நாலு ஓட்டை நகர்த்திப் பார்த்தார். கீழேயிருந்தே அவர் அப்பா கேட்டார்: "எது மேல, எது கீழ?" மகன் ஒரு நிமிஷம் பேசவில்லை. "கீழ் தகடு மேல இருக்குப்பா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மேஸ்திரி தரையில் இரண்டு காகிதத்தை வைத்துக் காட்டினார். கூடல்வாயில் ஒரே நீளத் தகடு போட முடியாது. இரண்டு மூன்று துண்டாகத்தான் போடுவார்கள். மேலே இருக்கும் தகடு கீழே இருக்கும் தகட்டின் மேல் படிய வேண்டும். மீனுக்குச் செதில் எப்படி இருக்கிறதோ அப்படி. எங்கள் வீட்டில் எப்போதோ தகரம் மாற்றியவர் தலைகீழாகச் செருகியிருக்கிறார். மேலிருந்து ஓடி வரும் தண்ணீர் இணைப்புக்கு வந்ததும் கீழ் தகட்டின் அடியில் போய்விடும். சாதாரணத் தூறலில் இது தெரியாது. வேகமாக ஓடினால்தான் சொட்டும் அளவுக்கு உள்ளே புகும். அதனால்தான் வெயில் காலத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். போதாததற்கு ஓடுகளை நடுப்பள்ளம் வரை இழுத்து நெருக்கமாக அடுக்கியிருந்தது. வேப்பிலை வந்து சிக்கினால் தாண்டிப் போக இடமில்லை. ஒரு கை அளவு மக்கின இலையை மகன் அள்ளி முற்றத்தில் போட்டார். அதில் ஒரு புளியங்கன்று முளைத்து நாலு இலை விட்டிருந்தது.

ஓட்டின் மேல் சிமெண்டு பூசுவதைப் பற்றி மேஸ்திரிக்குத் தீராத கோபம். தகரம் வெயிலில் நீளும், ராத்திரி சுருங்கும். சிமெண்டு அதோடு சேர்ந்து வராது. ஆறு மாதத்தில் மயிரிழையாக விரிசல் விடும். அந்த விரிசல் தண்ணீரைப் பிடித்து வைத்து உள்ளே அனுப்பும். "பூசினவன் ஒழுகறதுக்குப் புதுசா ஒரு வழி போட்டுட்டுப் போயிருக்கான்" என்றார்.

இரண்டாவது கோளாறு பின்பக்கம். பின்கட்டு ஓட்டுச் சரிவு இறங்கி அப்பா கட்டிய சமையல்கட்டுச் சுவரில் முட்டுகிறது. நடுவில் இருபத்திரண்டு அடிக்கு ஒரு தகர வாய்க்கால். கட்டர் என்று சொல்கிறார்கள். ஆறு இஞ்ச் அகலம், வி மாதிரி மடித்தது. மேற்கு ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு இரண்டரை இஞ்ச் குழாய். முப்பது வருஷத்தில் நடுவில் தொய்ந்து போய்க் குளம் மாதிரி தண்ணீர் நிற்கிறது. இதில் ஓட்டுத் தண்ணீர் போதாதென்று மொட்டை மாடித் தண்ணீரையும் ஒரு குழாய் வைத்து இதற்குள்ளேயே விட்டிருக்கிறது. நிரம்பினால் அது சுவர்ப் பக்கமாகத்தான் வழியும். சமையல்கட்டுச் சுவர் பூரா உப்புப் பூத்து, சுவிட்ச் போர்டு இருக்கும் இடம் கைவைத்தால் ஜில்லென்று இருந்தது. "தொட்டா லேசா விர்ருங்குது, அதனால குச்சியால தள்ளித்தான் சுவிட்ச் போடுவோம்" என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். நான் உடனே மெயினை அணைக்கச் சொல்லி, அன்று மத்தியானமே எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். போர்டை எதிர்ச் சுவருக்கு மாற்றி, மின்கசிவு வந்தால் தானே விழும் சுவிட்ச் ஒன்றும் வைத்தோம். வாடகைக்கு விட்டிருக்கும் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஓடு காத்திருக்கும். ஈரச் சுவரில் இருக்கும் போர்டு காத்திருக்காது.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது?

தாத்தா காலத்தில் முற்றத்தின் கிழக்கு மூலையில் தண்ணீர் வெளியேற ஒரு சலதாரை. ரேழிக்கு அடியில் செங்கல் கட்டின வழியாகத் தெருவுக்குப் போய்விடும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணைக்கு வர வேண்டும். இப்போது ஒரு படிதான் மிச்சம். வீடு இறங்கவில்லை. தெரு ஏறிவிட்டது. ரோடு போடும்போதெல்லாம் பழையதன் மேலேயே புதிதைப் போட்டுப் போட்டு, தெருச் சாக்கடையும் அதோடு உயர்ந்துவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். எங்கள் தெருவுக்கு அதற்கு முன்பே இரண்டு படி போய்விட்டது.

அப்புறம் பாதாளச் சாக்கடை வந்தபோது வேலை செய்த யாரோ ஒருவர், தெருப்பக்கம் தண்ணீர் போகவில்லையே என்று சலதாரையைக் கொண்டுபோய்க் கழிவுநீர்த் தொட்டியில் இணைத்திருக்கிறார். அப்போதைக்குத் தண்ணீர் போயிருக்கும். ஆனால் பெருமழையில் பாதாளச் சாக்கடைக் குழாயே நிரம்பி நிற்கும். ஊரே அதில் மழைத் தண்ணீரை விட்டால் அது எங்கே போகும்? வந்த வழியே திரும்பும். எங்கள் முற்றத்தில் ஏறிய தண்ணீரில் பாதி மேலிருந்து வந்தது, பாதி கீழேயிருந்து வந்தது. அவள் போனில் "நாத்தம் வேற அடிக்குது டீச்சர்" என்று சொன்னபோது நான் அதைக் காதில் வாங்கவே இல்லை.

எவ்வளவு தண்ணீர் என்று அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு டீச்சராக முப்பத்தொரு வருஷம் இருந்ததால் அது இல்லாமல் எனக்கு எதுவும் மனசில் நிற்காது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். முற்றமும் அதைப் பார்த்து இறங்கும் சரிவுகளும் சேர்ந்து சுமார் 500 சதுர அடி, அதாவது 46 சதுர மீட்டர். மணிக்கு 5 செ.மீ. வேகத்தில் பெய்தால் 2,300 லிட்டர். நிமிஷத்துக்கு இரண்டு குடத்துக்கும் மேல். விடாமல் மணிக்கணக்காக ஒருவர் முற்றத்தில் நிமிஷத்துக்கு இரண்டு குடம் கொட்டிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? வெளியே போக வழி மட்டும் இல்லை.

மழைக்காலத்தில் ஓட்டைப் பிரிக்க முடியாது. அதனால் அந்த வருஷத்துக்குக் கூடல்வாய் மேல் தார்ப்பாய் கட்டி, சலதாரை வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, முற்றத்தில் ஒரு சின்ன மோட்டார் வைத்துக் கொல்லைக்கு ஹோஸ் போட்டோம். ஒழுகும் வீட்டுக்கு முழு வாடகை வாங்க மனசு வரவில்லை. வேலை முடியும் வரை பாதி கொடுத்தால் போதும் என்று சொன்னேன். அவள் கணவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் சரி என்றார்.

2024 பங்குனியில் வேலை ஆரம்பித்தோம். நான் ஒன்பது நாளும் அங்கேயே தங்கினேன்.

தகரத்துக்குத்தான் அதிக யோசனை. கடைத்தெருவில் தகர வேலை செய்பவரிடம் 24 கேஜ் ஜி.ஐ. ஷீட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில், கூடல்வாய்த் தகடு மடிக்கச் சொன்னோம். பழையது ஒரு அடி அகலம்தான். புதிதை இரண்டடியாக்கி, இரண்டு ஓரத்திலும் அரை இஞ்ச் மேல்நோக்கி மடித்தார். தண்ணீர் பக்கவாட்டில் தாண்டாமல் இருக்க அந்த மடிப்பு. இணைப்பில் ஒன்பது இஞ்ச் படியும்படி, கீழேயிருந்து மேலே போட்டுக்கொண்டு போனார்கள். நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓடு இல்லாமல் விட்டார்கள். ஓடு அடுக்குவதற்கு முன்னால் மேஸ்திரி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். நாலு கூடல்வாய்க்கும் உச்சியிலிருந்து பத்துப் பத்துக் குடம் மளமளவென்று கொட்டச் சொன்னார். கீழே நாங்கள் கைமரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தென்மேற்கில் மட்டும் ஓர் ஆணி வழியாக ஒரு சொட்டு வந்தது. பிடுங்கி வேறு இடத்தில் அடித்தார்கள்.

வடகிழக்கு மூலைக் கைமரம் நுனியில் உளுத்துப் போயிருந்தது. ஆசாரி வந்து மூன்றடிக்கு வெட்டி, பழைய தேக்கில் துண்டு சேர்த்துக் கொடுத்தார். உடைந்த ஓட்டுக்குப் புது ஓடு வாங்கப் போய் ஏமாந்தேன். ஒவ்வொரு சூளைக்கும் பூட்டு வேறு மாதிரி. புது ஓடு பழைய ஓட்டோடு கவ்வாது. கடைசியில் குத்தாலத்துக்குப் பக்கத்தில் பிரித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து அதே முத்திரை ஓடு 120 கிடைத்தது. ஒன்று இருபது ரூபாய்.

பின்பக்கத்துக் கட்டரை அடியோடு மாற்றினோம். பத்து இஞ்ச் அகலம், அடிப்பாகம் தட்டை. கைவிட்டு இலையை அள்ள முடிய வேண்டும் என்பது என் நிபந்தனை. நடுவை உயர்த்தி இரண்டு பக்கமும் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, கொடுத்தார்கள். பத்தடிக்கு ஒரு இஞ்ச் என்பது மேஸ்திரி கணக்கு. முன்பு ஒரு மூலையில் இரண்டரை இஞ்ச் குழாய், இப்போது இரண்டு மூலையிலும் நாலு இஞ்ச். ஒரு நாலு இஞ்ச் குழாயின் வாய் பழையதைப் போல இரண்டரை மடங்கு பெரியது. சுவர்ப் பக்கத்தில் தகரத்தைச் சும்மா சாய்த்து வைக்காமல், சுவரில் காடி வெட்டி உள்ளே செருகி அடைத்தார்கள். இரண்டு ஓரத்திலும் குழாய் வாயைவிடக் கொஞ்சம் உயரத்தில் ஒரு ஓட்டை. குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அது வழியாகக் கொல்லையில் கொட்டும். கொட்டினால் கண்ணில் படும். சுவருக்குள் போகாது. அளவெல்லாம் எடுத்தது அவளுடைய இஞ்ச் டேப்தான். கொத்தனாரின் டேப் துருப்பிடித்து உள்ளே சுருளவில்லை.

மொட்டை மாடித் தண்ணீருக்குத் தனிக் குழாய். 2003-இல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது அப்பா கிணற்றுப் பக்கத்தில் ஒரு குழி எடுத்திருந்தார். மண் மூடிப் புல் முளைத்துக் கிடந்தது. அதைத் தூர் வாரி, ஜல்லி, மணல் மாற்றி, அதன் வழியாகக் கிணற்றுக்கு விட்டோம். முதல் ஒன்றிரண்டு மழையின் அழுக்குத் தண்ணீர் கிணற்றுக்குப் போகாமல் திருப்பிவிட ஒரு மூடியும் வைத்தோம்.

முற்றத்துத் தண்ணீரைக் கிணற்றில் விடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அங்கேதான் பாத்திரம் கழுவுவார்கள். கழிவுநீர்த் தொட்டிக்குப் போன இணைப்பை வெட்டி கான்கிரீட் போட்டு அடைத்தோம். தெருவை மறந்துவிட்டுக் கொல்லையைப் பார்த்தோம். மேஸ்திரி தண்ணீர் நிரப்பின மட்ட டியூபை வைத்துப் பிடித்தார். முற்றத்துத் தரையைவிடக் கொல்லை பதினாலு இஞ்ச் தாழ்ந்திருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு அப்படியொரு நிம்மதி. முப்பத்தெட்டு அடிக்கு ஆறு இஞ்ச் குழாய், மொத்தத்தில் ஐந்து இஞ்ச் வாட்டம், திரும்பும் இரண்டு இடத்தில் திறந்து பார்க்க மூடி போட்ட சின்னத் தொட்டி. முற்றத்துத் தரையையும் கொத்தி எடுத்து, நாலு பக்கத்திலிருந்தும் வாய்க்கு வாட்டம் வரும்படி மறுபடி போட்டார்கள். குளிர்ந்த தரையில் மேஸ்திரி ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தார். எந்த மூலையில் விட்டாலும் அது வாய்க்கே வந்தது.

அந்தக் குழாய்த் தண்ணீரை உறிஞ்சும் குழிக்காகக் கொல்லையில் நாலடி விட்டத்தில் ஐந்து வட்ட உறை இறக்கினோம். மேலே மூன்றடிக்குக் களி, அதற்குக் கீழே மணல். அதுவரை தோண்டியதால் தண்ணீர் இறங்குகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் கார்த்திகையில் கிணறே கை எட்டும் உயரத்துக்கு வந்துவிடும். உறைக்குழி அப்போது எங்கே உறிஞ்சும்? அதனால் குழியின் மேல் மட்டத்திலிருந்து பின்னால் வாய்க்காலுக்கு ஒரு வழி வைத்தோம். டெல்டாவில் உறிஞ்சுகுழி மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் நாலாவது மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரும்.

மொத்தச் செலவு 73,300 ரூபாய். பதினோரு மாத வாடகைக்கு மேல். வாடகையை ஏற்றுவாயா என்று என் தங்கை கேட்டாள். ஏற்றவில்லை. இது வீட்டை வீடாக வைத்திருக்கும் செலவு. குடியிருப்பவரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தில், கட்டடப் பழுதும் குழாய் மாற்றுவதும் வயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. சாக்கடை சுத்தம் செய்வது, குழாய் வாஷர் மாற்றுவது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. அப்படியானால் கூடல்வாயில் விழும் இலை யாருடையது? என்னைக் கேட்டால் ஓட்டின் மேல் ஏற வேண்டிய எதுவும் என்னுடையது. அந்த ஓட்டில் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்த ஆள்தான் ஏற வேண்டும். புரட்டாசி கடைசியில் ஒரு தடவை, கார்த்திகை நடுவில் ஒரு தடவை, மேஸ்திரியின் மகன் வந்து நாலு மூலையையும் கட்டரையும் சுத்தம் செய்துவிட்டுப் போகிறார். பணம் நான் அனுப்புகிறேன். முற்றத்து வாயில் இருக்கும் ஜல்லடையை அவள் பார்த்துக்கொள்கிறாள்.

2024 நவம்பர் கடைசியில் டெல்டா முழுக்க மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடமெல்லாம் லீவு. முதல் நாள் ராத்திரி நான் தூங்கவில்லை. பத்தரைக்கு நானே கூப்பிட்டேன். "முழிச்சுத்தான் இருக்கோம் டீச்சர், அத்தை தூங்கிட்டாங்க" என்றாள். எங்கே படுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "அவங்க எடத்துலதான், கூடத்துல."

பிறகு போனை முற்றத்துப் பக்கம் நீட்டினாள். நாலு மூலையிலும் கொட்டும் சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஆனால் அதற்கு அடியில் புதிதாக ஒரு சத்தம், குழாய்க்குள் கடகடவென்று தண்ணீர் ஓடும் சத்தம். தூணில் கோடு போட்டாயா என்று கேட்டேன். "தண்ணி தூண்கிட்ட வரவே இல்ல, எங்க போடறது" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா மேற்குத் தாழ்வாரத்துல ஒரே ஒரு எடத்துல சொட்டுது டீச்சர். நிமிஷத்துக்கு நாலு சொட்டு. கீழ வட்டம் போட்டு வச்சிருக்கேன்" என்றாள்.

வட்டத்தை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் பார்த்தேன்.